இருபத்து மூன்றாம் பக்கம்

வீரர் வாரியத்தில் அவருக்குக் கொடுத்திருந்த உத்தியோகம், ஆபத்தில் சிக்கிக்கொள்வது. பணிப் பதிவேட்டில் 'காப்பாற்றப்படுபவர், நான்காம் நிலை' என்று எழுதியிருந்தது. அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? வாசல் காவலர் முதல் வாரியச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'ஆபத்து'. வீட்டில் மட்டும் மனைவி 'என்னங்க' என்பாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, அவர் வாரியக் கட்டிடத்தின் எட்டாவது மாடியிலிருந்து விழ வேண்டும். தலைவர் பறந்து வந்து இரண்டாவது மாடி உயரத்தில் பிடிப்பார். சும்மா விழுந்தால் போதாது. ஏழாவது மாடியில் கைகளை விரிக்க வேண்டும், ஆறாவது மாடியில் இடது செருப்பு கழன்றுவிட வேண்டும், நான்காவது மாடியில் "காப்பாத்துங்க" என்று அலற வேண்டும். முன்னாலேயே அலறிவிட்டால் தொண்டை கட்டிக்கொண்டு, தலைவருக்கு நன்றி சொல்லும்போது குரல் வராது. பத்தொன்பது வருடமாக இதைப் பிசகாமல் செய்துவந்தார். தொழிலில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேறு யாராவது எங்கேயாவது தவறி விழுந்தால், கால் போகிற போக்கைப் பார்த்து முகம் சுளிப்பார்.

காப்பாற்றும் வீரர்கள் நால்வர். தலைவருக்குப் பறக்க வரும். முழங்கால் வலியால் இறங்குவதுதான் கஷ்டம். அவர் இறங்கும் இடத்தில் மெத்தை போட்டு, மேலே தார்ச்சாலையின் நிறத்தில் துணி விரிப்பார்கள். இரண்டாமவர் கண்ணால் நெருப்பு மூட்டுபவர். பதினோரு வருடமாகக் கண் சிகிச்சைக்கான விடுப்பில் இருக்கிறார். மூன்றாமவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுபவர். அவர் வேலைக்கு வருகிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாததால், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவருக்கான விருது வருடந்தோறும் அவருக்கே போகிறது. நான்காமவர் மலையைத் தூக்கும் பலசாலி. ஊரில் மலை கிடையாது.

இவர்களையெல்லாம் விட முக்கியமானது, வாரியம் மாதாமாதம் வெளியிடும் சித்திரக்கதைப் புத்தகம். ஆரம்பத்தில் ஊரில் நடந்ததைப் பார்த்துத்தான் ஓவியர் வரைந்துகொண்டிருந்தார். அதில் தொல்லை அதிகமாக இருந்தது. நிஜத்தில் தலைவரின் முடி கலைந்துபோகும். திருடன் தலைவரைவிட உயரமாக இருந்து தொலைப்பான். அச்சகத்துக்கோ ஒரு மாத அவகாசம் தேவை. புத்தகம் வரும்போது மக்களுக்கு விஷயமே மறந்துபோயிருக்கும். செயலாளர் யோசித்து ஒரு விதி கொண்டுவந்தார். முதலில் வரைவது, மூன்று கையெழுத்து வாங்குவது, அச்சடிப்பது, அதன் பிறகு அதன்படி நடத்துவது. "நடந்ததை வரைஞ்சா தப்பு வரும். வரைஞ்சதை நடத்தினா தப்பு எப்படி வரும்?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஒருமுறை ஓவியர் அரைத்தூக்கத்தில் தலைவரின் வலது கையில் ஆறு விரல் போட்டுவிட்டார். மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அச்சாகியும் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை தலைவர், பஞ்சு அடைத்த ஆறாவது விரலோடு ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு பறந்தார். அந்த விரல் கீழே வந்து சேரும்வரை ஆபத்தின் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. வாரியத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு வீடு பற்றி எரிகிறது என்று கதறுபவர்களிடம், அது எந்த மாத இதழில் எரிகிறது என்று கேட்பார்கள். இந்த மாத இதழில் தீ இல்லையென்றால், அடுத்த மாதத்துக்கு எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். குறை சொல்ல முடியாத நிர்வாகம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேகத்தைத் திரைச்சீலை மாதிரி ஒதுக்கிக்கொண்டு வானத்திலிருந்து இறங்கினார். மூன்று மாடி உயரம். உடம்பெல்லாம் மெல்லிய வெளிச்சம். நாற்சந்தியில் நின்று, வண்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று கால்களை ஒடுக்கிக்கொண்டார். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லோரும் சந்தோஷமாக இருந்தால் போதும் என்றார். ஊர்க்காரர்கள் அவரை 'விருந்தாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

விருந்தாளி தொட்டால் நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். அவர் ஒரு தெருவில் போய்த் திரும்பினால் அந்தத் தெருவில் குழி இருக்காது. எரிகிற வீட்டைப் பிறந்தநாள் மெழுகுவத்தியைப் போல ஊதி அணைத்தார். யார் எங்கே தவறி விழுந்தாலும், ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து பிடித்தது. எந்த மாத இதழ் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. யாருக்காவது மனசு சரியில்லையென்றால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அது பல்வலியைப் போல அவரைப் படுத்தும். அந்த ஆளைச் சிரிக்கவைத்த பிறகுதான் அவர் முகம் தெளியும்.

வாரியத்தில் தொலைபேசி மணி அடிப்பது நின்றது. எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள். ஊருக்குள் புதிதாக வருகிறவர்களை எழுத வாரியப் பதிவேட்டில் இரண்டு பத்திகள்தான் உண்டு: பொதுமக்கள், எதிரி. பொதுமக்கள் பத்தியில் வீட்டு முகவரி எழுத வேண்டும், உயரமும் ஏழடிக்கு மேல் போகக் கூடாது. வேறு வழியில்லாமல் விருந்தாளியை எதிரி பத்தியில் எழுதினார்கள். எதிரி என்று எழுதிவிட்டால் தலைவர் போய் அடித்தாக வேண்டும் என்பது விதி.

மறுநாள் தலைவர் போய் விருந்தாளியின் கணுக்காலில் ஓங்கிக் குத்தினார். விருந்தாளி குனிந்து, கை வலிக்கிறதா என்று கேட்டார். அப்படியே முழங்காலையும் லேசாகத் தொட்டுவிட்டார். பதினான்கு வருட வலி போன இடம் தெரியவில்லை. தலைவர் எட்டு மாடியும் ஓடியே ஏறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்தார். உச்சி குளிர்ந்துபோனது. பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

"நான் கேக்கவே இல்லை. என் அனுமதி இல்லாம என் முழங்காலைச் சரி பண்ணிட்டான். இது தாக்குதல் இல்லாம வேற என்னய்யா?"

செயலாளர் எழுந்து நின்று பேசினார். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆபத்துக்கு அந்தப் பேச்சு அப்போது மிகவும் பிடித்திருந்தது. நல்லது செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார் செயலாளர். "காப்பாத்தறதுன்னு ஒண்ணு நடக்கணும்னா, முதல்ல ஒருத்தன் சாகற நிலைமைக்கு வரணும். இவர் அதுக்கே இடம் கொடுக்க மாட்டேங்கறார். ஜனங்க பயப்பட மறந்துட்டா நம்மளை எதுக்குங்க நினைப்பாங்க? ஊரோட பயத்தை இத்தனை வருஷமா கண்ணும் கருத்துமா வளர்த்து வெச்சிருக்கோம். எவனோ வந்து ஒரே வாரத்துல அழிச்சிட்டுப் போவான், நாம பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" எல்லோரும் கை தட்டினார்கள். ஆபத்தும் தட்டினார்.

பத்து நாள் கழித்து அவரைச் செயலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த இதழின் அச்சுப்படியைக் கையில் கொடுத்து, எழுத்துப்பிழை இருந்தால் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஆபத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காம் நிலைப் பணியாளரிடம் யாரும் இதுவரை அபிப்பிராயம் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இருபத்து ஒன்றாம் பக்கத்தில் விருந்தாளிக்குக் கோரைப்பல் வைத்து வரைந்திருந்தது. இருபத்து இரண்டில் அவன் ஆபத்தைத் தூக்கி எட்டாவது மாடியிலிருந்து போட்டுவிட்டுச் சிரித்தான். இருபத்து மூன்றில் ஆபத்து விழுந்துகொண்டே போனார். பக்கத்தின் அடியில் தரை வந்தது. இருபத்து நான்கில் அவர் மனைவி பக்கம் நிறைய அழுதுகொண்டிருந்தாள்.

"சார், இருபத்து மூணாம் பக்கத்துல யாரும் என்னைப் பிடிக்கலையே" என்றார் ஆபத்து.

"பக்கம் பத்தல" என்றார் செயலாளர்.

வாசகர்களுக்குப் பழகிய முகம் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்ததாகச் செயலாளர் விளக்கினார். புது ஆளைச் சாகடித்தால் யாருக்கு வயிறு எரியும்? பத்தொன்பது வருட உழைப்புக்கு இது ஒரு அங்கீகாரம். ஆபத்து வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். தாராளமாக விடலாம், மூன்று மாதம் முன்னால் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார் செயலாளர். இதழுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வெளியே வந்து ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓவியர் நல்ல மனிதர், உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிடிக்கிற மாதிரி வரைந்தால் இரண்டு பேருடைய நான்கு கைகளையும் போட வேண்டியிருக்கும், கை வரைவதுதான் தனக்கு எப்போதும் வராது, அதனால் இந்த மாதம் கொஞ்சம் நிம்மதி என்றும் சொன்னார்.

மனைவி பேருந்து நடத்துனர். இடமே இல்லாத வண்டியில் பத்துப் பேருக்கு இடம் கண்டுபிடிப்பவள். விஷயத்தைக் கேட்டதும் சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வாரியத்துக்குப் போனாள்.

"என் புருஷன் சாகறதை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி வரைஞ்சீங்க?"

"உங்களுக்காகத்தாம்மா காத்துக்கிட்டு இருக்கோம். கண்ணீர் வலது கண்ணுல இருக்கட்டுமா, இடது கண்ணுல இருக்கட்டுமா? அதை மட்டும் இன்னும் முடிவு பண்ணலை" என்றார் செயலாளர் மரியாதையாக.

அவள் மேசையிலிருந்த அச்சுப்படியைக் கிழித்துப் போட்டாள். வாரியத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று படி இருக்கும். வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆபத்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தோளில் கை வைத்தார். சாக அவருக்குப் பிடிக்கவில்லை. இவளோடு இன்னும் இருபது வருடமாவது சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று இருந்தது. ஊரை விட்டு ஓடலாமா என்று கேட்டாள். தலைவர் பறந்து வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார், இப்போது முழங்கால் வலிகூட இல்லை என்றார். கடைசியில் அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள். யார் பேரில் பழி போடப் போகிறார்களோ, அவரிடமே போய்க் கேட்டுவிடலாம்.

நாற்சந்தியில் வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்தபோது விருந்தாளி தெருவிலேயே உட்கார்ந்து, காதை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தார். ஆபத்து எல்லாவற்றையும் சொன்னார். விருந்தாளியின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைப் பார்த்ததும் ஆபத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"என் பொண்டாட்டி சாப்பிடாம அழுதுக்கிட்டே இருக்காங்க."

"அவங்களை அழ விடமாட்டேன்" என்றார் விருந்தாளி. "யாரையும் அழ விடமாட்டேன். நிம்மதியா போங்க."

அன்று புருஷனும் பெண்டாட்டியும் வயிறாரச் சாப்பிட்டார்கள். இருபத்து நான்காம் பக்கத்தில் தன்னைக் கிழவியாக வரைந்திருப்பதாக அவள் குறைப்பட்டுக்கொண்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

முதல் சனிக்கிழமை வந்தது. வாரியக் கட்டிடத்துக்கு எதிரே எள் போட்டால் கீழே விழாத கூட்டம். ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் வரிசையில், நாற்பது வருடமாக ஒரு இதழையும் தவறவிடாத சந்தாதாரர் ஒருவர் மடக்கு நாற்காலியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் என்று சொல்லி விருந்தாளியையும் கட்டிடத்தை ஒட்டி நிற்கவைத்திருந்தார்கள். யார் கூப்பிட்டாலும் வந்துவிடுகிறவர்தானே. எட்டாவது மாடி விளிம்பில் ஆபத்து நின்றார். சரியாகப் பத்து மணிக்குத் தலைவர், கீழே நிற்பவர்கள் கண்ணில் படாமல், பின்னாலிருந்து முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

மூன்றாவது மாடி வரைக்கும்தான் விழுந்தார். வெதுவெதுப்பான ஒரு உள்ளங்கை அவரை ஏந்திக்கொண்டது. விருந்தாளி அவரைக் கண்ணாடிச் சாமானை வைப்பதுபோலத் தரையில் வைத்தார். மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். ஆபத்து சிரித்தார், அழுதார், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் விருந்தாளியின் கால்விரலை முத்தமிட்டார்.

பிறகுதான் கவனித்தார். ஒருவரும் கை தட்டவில்லை.

ஜனங்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்கள். சிலர் தங்கள் பிரதியில் பக்கம் மாறியிருக்குமோ என்று பக்கத்திலிருந்தவர் பிரதியை வாங்கிச் சரிபார்த்தார்கள். எங்கேயோ ஒரு முணுமுணுப்பு கிளம்பி வளர்ந்தது. செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம். புத்தகம் சரியாத்தான் இருக்கு. நடந்ததுதான் தப்பு" என்றார்.

விருந்தாளியின் முகம் கோணியது. வந்த நாளிலிருந்து இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் மனம் வாடி அவர் பார்த்ததில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சந்தாதாரரிடம் என்ன குறை என்று கேட்டார்.

"நாப்பது வருஷமா இந்தப் புத்தகத்துல ஒரு எழுத்து பொய்யானதில்லைங்க" என்றார் சந்தாதாரர். இருபத்து மூன்றாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். "உங்களால இன்னிக்குப் பொய்யாயிடுச்சு. இனிமே நான் எதை நம்பறது?"

விருந்தாளி அந்தப் புத்தகத்தை வாங்கி விரல் நுனியில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்தார். தன் படத்தைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று ஓவியரைப் பாராட்டினார். அவர் வாயின் இரண்டு ஓரத்திலும் படத்தில் இருந்ததைப் போலவே கோரைப்பற்கள் முளைத்தன. கண்ணில் இருந்த கனிவு கொஞ்சமும் குறையவில்லை.

"சார், நீங்க எனக்குச் சொன்னீங்க" என்றார் ஆபத்து.

"ஆமா, சொன்னேன். அத்தனை பேர் வருத்தப்படறாங்க, பாருங்க" என்றார் விருந்தாளி.

மனைவி புருஷனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். விருந்தாளி அவள் விரல்களை, ஒன்றுகூட வலிக்காதபடி, ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ஆபத்தைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, எட்டாவது மாடி உயரத்துக்குக் கொண்டுபோனார். படத்தில் இருந்தபடி சிரித்தார். கையை விட்டார்.

பத்தொன்பது வருடப் பழக்கம் எங்கே போகும்? ஏழாவது மாடியில் ஆபத்தின் கைகள் தாமாக விரிந்தன. ஆறாவதில் இடது செருப்பு கழன்றது. நான்காவது மாடியில் அவர் "காப்பாத்துங்க" என்று அலறினார். முதல்முறையாக, நிஜமாகவே உதவி கேட்டு அலறினார். கீழே தலைவர் வலியில்லாத முழங்காலோடு நிமிர்ந்து நின்று, புத்தகத்தில் விரலை வைத்து, வரிக்கு வரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தை போடவில்லை. இந்த இதழில் மெத்தைக்கு வேலை இல்லை.

இதற்குமேல் நடந்தது ஆபத்துக்குத் தெரிய வழியில்லை. நான்தான் சொல்ல வேண்டும். கைதட்டல் கட்டிடத்தின் ஜன்னல்களை அதிரவைத்தது. சந்தாதாரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று தட்டினார். ஜனங்களுக்கு நீண்ட நாள் கழித்துப் பயமும் வந்தது. ஐந்து நிமிடத்தில் வாரியத்தின் தொலைபேசி மணி அடிக்க ஆரம்பித்தது. செயலாளர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். விருந்தாளி சுற்றிலும் பார்த்தார். இத்தனை ஆயிரம் முகங்களும் மலர்ந்திருந்தன. பல்வலி விட்டது. ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் விண்விண் என்று தெறித்தது.

அங்கே மனைவி தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். இருபத்து நான்காம் பக்கம் நடப்பதைப் படம்பிடிக்கப் புகைப்படக்காரர்கள் அவளைச் சுற்றி வந்துவிட்டார்கள். அவர்கள் கருவியைக் கண்ணில் வைப்பதற்குள் விருந்தாளி குனிந்து அவள் உச்சியைத் தொட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர் அவர். அவள் அழுகை குழாயை மூடினதுபோல நின்றது. எழுந்து சீருடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். செயலாளர் பதறிப்போய், புத்தகத்தில் இருக்கிறது, கொஞ்சம் அழுங்கள் அம்மா என்று கெஞ்சினார். அவளும் பாவம் முயன்று பார்த்தாள். வரவில்லை. மன்னிக்கச் சொல்லிவிட்டு, மதியப் பணிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொல்லைப்புறக் கொடியில் துணி காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், "அண்ணனைப் பத்திக் கேள்விப்பட்டோம்" என்று ஆரம்பித்தாள்.

"அவரா? காலையில செத்துட்டாரு" என்றாள் மனைவி சிரித்த முகமாக. கையில் இருந்த சட்டையை உதறி வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "இது உங்க வீட்டுக்காரருக்குச் சரியா இருக்குமா பாருங்க. புதுசுதான்."